ஒரு டன்னா, ஒன்றரை டன்னா? சதுர அடிக் கணக்கை நம்பி வாங்காதீர்கள்

சித்திரை பிறந்ததும் ஏ.சி. கடைகளில் கூட்டம் ஏறிவிடுகிறது. உள்ளே நுழைந்தவரிடம் விற்பனையாளர் கேட்கும் முதல் கேள்வி "ரூம் சைஸ் என்ன சார்?" பெரும்பாலும் அதுவே கடைசிக் கேள்வியும். பத்துக்குப் பன்னிரண்டு என்றால் ஒரு டன், பன்னிரண்டுக்குப் பதினைந்து என்றால் ஒன்றரை டன், ஹால் என்றால் இரண்டு டன். வாங்க வந்தவர் கொஞ்சம் தயங்கினால், "எதுக்கும் ஒரு சைஸ் பெரிசாவே போட்டுடுங்க, சீக்கிரம் கூல் ஆயிடும்" என்று முடித்துவிடுவார். முப்பது நாற்பதாயிரம் ரூபாய் விலையுள்ள, பத்து ஆண்டுகளாவது சுவரில் தொங்கப்போகிற ஓர் இயந்திரம் இரண்டு நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது.

அந்தக் கணக்கில் இருப்பது தரையின் அளவு மட்டுமே. ஆனால் வெப்பம் தரையிலிருந்து வருவதில்லை. மொட்டை மாடித் தளம், மேற்குச் சுவர், ஜன்னல் கண்ணாடி, கதவிடுக்கில் நுழையும் ஈரக் காற்று, இவற்றிலிருந்து வருகிறது. ஒரே பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஒரு வீட்டில் அரை டன் போதும். இன்னொரு வீட்டில் ஒரு டன்னே திணறும். சிறிதாக வாங்கிவிட்டால் முதல் கத்திரி வெயிலிலேயே தெரிந்துவிடும். பெரிதாக வாங்கிவிட்டால் பல ஆண்டுகளுக்குத் தெரியாது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் நான் அதிகம் அஞ்சுவது இந்த இரண்டாவது தவறைத்தான்.

முதலில் டன் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஏ.சி.யின் டன் அதன் எடை அல்ல. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகம் ஒரு டன். அமெரிக்காவில் பனிக்கட்டி வியாபாரம் நடந்த காலத்து அளவை அது. (அதே வியாபாரத்தின் சுவடுதான் சென்னைக் கடற்கரையில் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்று அழைக்கப்படும் விவேகானந்தர் இல்லம், பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது.) இன்றைய அளவில் ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது 3,517 வாட். ஒரு நொடிக்கு அறையிலிருந்து எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ள முடியும் என்பதை அந்த எண் சொல்கிறது. அப்படியானால், ஒரு நொடிக்கு அறைக்குள் எவ்வளவு வெப்பம் வருகிறது என்பது தெரிந்தால்தானே எத்தனை டன் வேண்டும் என்று சொல்ல முடியும்?

சென்னையில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். நான்காவது மாடியில், மேற்கு பார்த்த ஒரு படுக்கையறை. பத்துக்குப் பன்னிரண்டு, உயரம் பத்து அடி. மேலே வெறும் கான்கிரீட் தளம், அதன் மீது வெயில். மே மாதப் பிற்பகலில் அந்தத் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸை எட்டும். காப்பு எதுவும் இல்லாத கான்கிரீட் தளம், ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியாக ஏறக்குறைய 3 வாட் வெப்பத்தைக் கடத்தும். அறையை 25 டிகிரியில் வைத்தால் வித்தியாசம் 35. அறையின் பரப்பு 11 சதுர மீட்டர். கூரை வழியாக மட்டும் 1,100 வாட்டுக்கு மேல் இறங்குகிறது; ஏறக்குறைய மூன்றில் ஒரு டன். மேற்குச் சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் என்றால் இன்னொரு 350 வாட். நான்கடிக்கு நான்கடி ஜன்னல், வெளியே நிழல் இல்லை, உள்ளே திரை மட்டும் இருந்தால் மாலை வெயிலில் சுமார் 600. மற்ற மூன்று சுவர்களும் தரையும் சேர்ந்து 400. இரண்டு பேர் 200. மின்விசிறி, டிவி, விளக்கு 150. இடுக்குகள் வழியாக மணிக்கு ஒருமுறை அறைக் காற்று மாறினால் 400. எல்லாம் கூட்டினால் 3,200 வாட்.

அதே கட்டடத்தில் முதல் மாடி. அதே அளவு அறை. மேலேயும் கீழேயும் வீடுகள். ஜன்னல் வடக்கு நோக்கி. வெளிச்சுவர் மீது பக்கத்துக் கட்டடத்தின் நிழல். கூரையிலிருந்து வரும் 1,100 வாட் இங்கே 130 ஆகச் சுருங்கிவிடுகிறது. ஜன்னல் 200, வெளிச்சுவர் 170. மற்றவை மாறவில்லை. மொத்தம் சுமார் 1,650 வாட். பாதி.

இவை தோராயமான எண்கள்தாம். ஒவ்வொரு வீட்டிலும் நூறு இருநூறு வாட் முன்பின் இருக்கும். ஆனால் இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள இரண்டு மடங்கு இடைவெளி கணக்குப் பிழையால் வந்ததல்ல. கடையில் இந்த இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "பத்துக்குப் பன்னிரண்டு." இருவருக்கும் ஒரே ஏ.சி. கிடைக்கும்.

மேல்மாடிக்காரருக்கு என்ன ஆகும்? ஒரு டன் என்று விற்கப்படும் ஏ.சி.யின் திறன் பெரும்பாலும் 3,300 முதல் 3,500 வாட் வரை. அந்த எண் வெளியே 35 டிகிரி, அறைக்குள் 27 டிகிரி இருக்கும்போது ஆய்வுக்கூடத்தில் எடுத்தது. வெளியே 40, 42 என்று ஏறினால் திறன் இறங்கும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அப்படியொரு நாளில், அவுட்டோர் யூனிட் பால்கனி மூலையில் சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தால், இறக்கம் இன்னும் அதிகம். விளம்பரத்தில் "52 டிகிரியிலும் குளிர்விக்கும்" என்று போட்டிருப்பதை முழுத்திறன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வெப்பத்திலும் நின்றுபோகாமல் ஓடும் என்பதே அதற்குப் பொருள்.

ஆக, வேலை கூடும் அதே நேரத்தில் இயந்திரத்தின் திறன் குறைகிறது. கம்ப்ரசர் ஓய்வில்லாமல் முழு வேகத்தில் ஓடும். 24 என்று வைத்தாலும் அறை 28-இல் நிற்கும். இன்வெர்ட்டர் ஏ.சி. சிக்கனமாக ஓடுவது அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் நேரங்களில்தான். முழு வேகத்திலேயே கிடந்தால் ஐந்து நட்சத்திரத்துக்குக் கொடுத்த கூடுதல் பணத்தில் பெரும்பகுதி வீண். வெயில் இறங்கிய பிறகும் விடிவு இல்லை. அடுப்பை அணைத்த பிறகும் சுடும் தோசைக்கல்லைப் போல, பிற்பகலில் சூடேறிய தளம் இரவு ஒன்பது பத்து மணி வரை அறைக்குள் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த நிலையில் மெக்கானிக்கை அழைத்தால், பல சமயம் கிடைக்கும் பதில் "கேஸ் கம்மியா இருக்கு, டாப்-அப் பண்ணணும்." இதில் எச்சரிக்கையாக இருங்கள். ஏ.சி.யின் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுவது. ஓடி ஓடித் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் ஏற்றுவது பணத்தைக் காற்றில் விடுவது. கசிவே இல்லாத ஏ.சி.யில் கூடுதலாக ஏற்றினால் கம்ப்ரசருக்கே கேடு.

இனி, பெரிதாக வாங்கும் தவறு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஏ.சி. இரண்டு வேலை செய்கிறது: காற்றின் சூட்டைக் குறைக்கிறது, காற்றிலுள்ள நீரை எடுக்கிறது. இரண்டாவதை நாம் மறந்துவிடுகிறோம். கடலோர ஊரில் அதுதான் பாதி சுகம். மே மாதச் சென்னைக் காற்றின் பனிநிலை 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதாவது அந்தக் காற்று 25 டிகிரிப் பரப்பைத் தொட்டாலே நீர்த்துளி கட்டும். அதே காற்றை 25 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் என்ற சுகமான நிலைக்குக் கொண்டுவர, ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 11 கிராம் நீரை வெளியே எடுத்தாக வேண்டும். நம் பத்துக்குப் பன்னிரண்டு அறையின் கொள்ளளவு 34 கன மீட்டர். மணிக்கு ஒருமுறை காற்று மாறினால் ஒரு மணி நேரத்துக்கு 370 கிராமுக்கு மேல் நீர். எட்டு மணி நேரத் தூக்கத்தில் மூன்று லிட்டர். தூங்குபவர்களின் மூச்சும் வியர்வையும் அதற்கு மேல். ஏ.சி.யின் வடிகுழாய்க்குக் கீழே இரவு ஒரு பக்கெட்டை வைத்து, காலையில் எடுத்துப் பாருங்கள். உங்கள் ஏ.சி. அறையிலிருந்து எவ்வளவு ஈரத்தை எடுத்தது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி இல்லை.

இந்த நீரை எடுக்க நேரம் வேண்டும். ஏ.சி. ஓடத் தொடங்கியதும் உள்ளேயிருக்கும் காயில் குளிர வேண்டும். அதில் நீர் கட்ட வேண்டும். தகடுகளுக்கிடையே நிறைந்து கீழே வழிய வேண்டும். பிறகுதான் குழாய்க்கு வரும். பழைய வகை ஏ.சி., அதாவது ஓடினால் முழு வேகம், நின்றால் நிறுத்தம் என்று இருப்பது, அறைக்குத் தேவையானதைவிட இரு மடங்கு பெரிதாக இருந்தால், ஏழெட்டு நிமிடத்தில் அறையை 24-க்குக் கொண்டுவந்து நின்றுவிடும். காயிலில் நீர் கட்டியிருக்கும், வழிந்திருக்காது. உள் யூனிட்டின் விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். காயிலில் ஒட்டியிருந்த நீரை அந்த விசிறியே ஆவியாக்கி மறுபடி அறைக்குள் விடும். நம்மைப் போலவே ஈரக்காற்றில் வாழும் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், அங்குள்ள சூரிய ஆற்றல் மையத்தின் ஆய்வாளர்கள் இதை ஆய்வுக்கூடத்தில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். குளிர்வித்தல் நடக்கும், ஈரம் நீங்காது.

"அது பழைய ஏ.சி. கதை, இப்போது எல்லாம் இன்வெர்ட்டர்தானே" என்று சொல்வார்கள். நியாயமான கேள்வி. இன்வெர்ட்டர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் கொஞ்சம் பெரிதாக வாங்கினாலும் பழைய வகையைப் போல உடனுக்குடன் நிற்காது. ஆனால் அதற்கும் ஓர் அடிமட்டம் உண்டு. ஒன்றரை டன் மாடல்கள் பலவற்றில் அந்த அடிமட்டம் முழுத்திறனில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. 1,250 முதல் 1,650 வாட் வரை என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது அந்த முதல் மாடி அறைக்கு இரவு இரண்டு மணிக்குப் போவோம். வெயில் இல்லை. வெளியே 29 டிகிரி. இரண்டு பேர் தூங்குகிறார்கள். அறைக்குள் வரும் மொத்த வெப்பம் சுமார் 900 வாட். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் அதற்கு மேல்தான் குளிர்விக்கும். எனவே அதுவும் நின்று நின்று ஓடத் தொடங்கும்.

அந்த 900 வாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈரத்தின் பங்கு. பிற்பகலில் சூடு அதிகம், ஈரம் அதே அளவு. நள்ளிரவில் சூடு போய்விட்டது, ஈரம் அப்படியே இருக்கிறது. ஏ.சி. நிதானமாக நெடுநேரம் ஓடி நீரை எடுக்க வேண்டிய நேரத்தில்தான் பெரிய ஏ.சி.க்கு வேலை இல்லாமல் போகிறது. அது ஓடுகிற சமயத்திலும், மிகக் குறைந்த வேகத்தில் அதன் பெரிய காயில் அவ்வளவு குளிர்வதில்லை. பனிநிலைக்குக் கீழே போதுமான அளவு இறங்காத காயிலில் நீர் கட்டுவதும் குறைவு. ஐப்பசி கார்த்திகை மழை இரவுகளில் இது இன்னும் மோசம்.

விளைவு உடம்புக்குத் தெரியும், காரணம் தெரியாது. ரிமோட்டில் 24 என்று இருக்கும். அறை குளிர்ந்தும் இருக்கும். ஆனால் தலையணை சில்லென்று நமத்திருக்கும், உடம்பு பிசுபிசுக்கும். உடனே கை ரிமோட்டுக்குப் போகும்: 22, 20, 18. பி.இ.இ. எனப்படும் மத்திய எரிசக்தித் திறன் பணியகம், ஒரு டிகிரி கூட்டி வைத்தால் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது. 2020 ஜனவரி முதல் எல்லா ஏ.சி.களும் போட்டவுடன் 24-இல் தொடங்க வேண்டும் என்ற விதி வந்ததும் அதனால்தான். 24-ஐ 20 ஆக்கினால் அதே கணக்கு தலைகீழாகும். இங்கே குறைக்க வேண்டியது சூட்டை அல்ல, ஈரத்தை. தேவையில்லாததைக் குறைக்கப் பணம் கட்டுகிறோம்.

மின்கட்டணம் மட்டும் அல்ல இழப்பு. ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீடிக்கும் அறையில் தூசிப் பூச்சிகள் பெருகும். இன்னும் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். ஆஸ்துமா உள்ள குழந்தை தூங்கும் அறையில் இது சிறிய விஷயம் அல்ல. பீரோவுக்குப் பின்பக்கச் சுவரைப் பாருங்கள், அங்கேதான் முதலில் கறுக்கும். 18-இல் இரவெல்லாம் ஓடிய அறையின் ஜன்னலை விடியற்காலையில் தொட்டுப் பாருங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்த்து நீர்க்கோடு வழிந்திருக்கும். கண்ணாடியில் நடப்பதுதான் அறையைச் சுற்றியுள்ள சுவரிலும், கீழ்வீட்டுக்காரரின் கூரையிலும் நடக்க வாய்ப்புண்டு. அங்கே அது வண்ணத்தையும் பூச்சையும் தின்னும்.

வேலூர், திருச்சி, மதுரைப் பக்கம் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். ஏப்ரல், மே மாதங்களில் அங்கே பகல் காற்று வறண்டது. ஈரத்தைவிடக் கூரை வெயிலே பெரிய எதிரி. ஒரு சைஸ் பெரிதாகிவிட்டால் அங்கே பிசுபிசுப்பு அவ்வளவு இராது. கோவை இன்னும் மிதமான ஊர். சென்னைக்காரர் சொன்ன டன்னை அப்படியே எடுத்துக்கொண்டு வாங்கும் கோவைக்காரர் தேவைக்கு மேல்தான் வாங்குவார்.

தமிழ்நாட்டு மின்கட்டண அடுக்கையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நமக்குக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறையில், மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அதே யூனிட்டுகளுக்கு 4.50. எல்லையைத் தாண்டிய ஒரே காரணத்துக்காக 225 ரூபாய் கூடும். தாண்டிய யூனிட்டுகளுக்கு 8 ரூபாயில் தொடங்கி 11 ரூபாய் வரை போகும். அதன் பிறகு விலை ஏறியும் இருக்கிறது. எனவே ஏ.சி.யால் கூடும் ஒவ்வொரு யூனிட்டும் வீட்டிலேயே மிக விலை உயர்ந்த யூனிட்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? ஏ.சி.யைப் பார்ப்பதற்கு முன் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். மேல்மாடியில் இருப்பவர் செய்யக்கூடிய மிகப் பெரிய சிக்கனம் அங்கேதான் இருக்கிறது. குடியிருப்புகளுக்கு 2018-இல் வெளியான எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற மத்திய விதித்தொகுப்பு, கூரை வழியாக ஒரு டிகிரிக்கு, ஒரு சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் கடத்தக் கூடாது என்கிறது. நம் வெறும் கான்கிரீட் தளம் கடத்துவது 3. செங்கல்ஜல்லி சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் போட்ட பழைய மாடிகள் இதைவிட நன்றாகத் தாங்கின. இன்று அதற்கு மேல் காப்புப் பலகை வைக்கலாம், வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதிக்கலாம். எதுவும் முடியாவிட்டால் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சாவது அடிக்கலாம். உச்சி வெயிலில் தளத்தின் மேற்பரப்புச் சூடு பத்து டிகிரிக்கு மேல் இறங்கும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ சன்ஷேடோ வையுங்கள். உள்ளே போடும் திரை, கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலைத்தான் தடுக்கிறது. அதன் சூடு ஏற்கெனவே உங்கள் அறைக்குள் இருக்கிறது.

நான்காம் மாடி அறையில் இந்த இரண்டையும் செய்தால், கூரையிலிருந்து வரும் 1,100 வாட் 400 ஆகிறது; ஜன்னலின் 600, 200 ஆகிறது. மொத்தம் 3,200-இலிருந்து 2,100. ஒன்றரை டன் வாங்க வேண்டியிருந்த அறைக்கு ஒரு டன் தாராளம். அந்த மிச்சம் ஏ.சி. வாங்கும் அன்றோடு முடிவதில்லை. ஒவ்வொரு கோடையிலும் வரும். ஏ.சி. ஓடாத பகலிலும், கரண்ட் போன இரவிலும் அறை தாங்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதன் மதிப்பு மின்கட்டணத்தில் அடங்காது.

பிறகு இடுக்குகள். பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேல் வென்டிலேட்டர் திறந்தபடி இருக்கும். அதை மூட வேண்டும். அறையோடு சேர்ந்த பாத்ரூமின் எக்ஸாஸ்ட் விசிறியை இரவு முழுக்க ஓடவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அது மணிக்கு 100 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளினாலே, அந்த இடத்தை நிரப்ப வரும் வெளிக்காற்று ஒரு லிட்டருக்கு மேல் நீரைக் கொண்டுவரும். பெரிய ஏ.சி. வாங்குவதைவிட அந்த ஸ்விட்சை அணைப்பது மலிவு. ஹாலில் இரண்டு டன் போட்டுக் கதவைத் திறந்துவைத்தால் படுக்கையறையும் குளிரும் என்ற யோசனையும் வேண்டாம். ஹாலின் காற்று 24-ஐத் தொட்டதும் ஏ.சி. வேகத்தைக் குறைத்துவிடும், உள்ளறையின் நிலை அதற்குத் தெரியாது.

இவ்வளவும் ஆன பின் கடைக்குப் போங்கள். அங்கே டன் என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு, ஏ.சி.யின் மீது ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளுக்குக் கண்ணைக் கொண்டுபோங்கள். நட்சத்திரங்களுக்குக் கீழே சிறிய எழுத்தில் குளிர்விக்கும் திறன் வாட் கணக்கில், முழு அளவிலும் பாதி அளவிலும், அச்சாகியிருக்கும். கணக்குப்படி ஒன்றரை டன் என்றால் 5,275 வாட். ஆனால் ஒன்றரை டன் என்ற பெயரில் அதைவிடப் பல நூறு வாட் குறைவான மாடல்களும் விற்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஒன்றரை டன்கள் ஒன்றல்ல. விலையை ஒப்பிடும் முன் வாட்டை ஒப்பிடுங்கள். ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று லேபிளில் இருப்பது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. இரவு எட்டு மணி நேரம் வீதம் 200 நாள். பகலிலும் போடும் வீட்டில் அந்த எண்ணை நம்பிப் பட்ஜெட் போட வேண்டாம்.

இன்வெர்ட்டர் என்றால் விவரத்தாளைக் கேட்டு வாங்கி, குறைந்தபட்சத் திறன் எவ்வளவு என்று பாருங்கள். எல்லோரும் பெரிய எண்ணைத்தான் பார்க்கிறார்கள். படுக்கையறைக்கு வாங்குபவருக்குச் சிறிய எண் அதைவிட முக்கியம். அது எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, அவ்வளவு நேரம் நள்ளிரவில் நிற்காமல் ஓடி ஈரத்தை எடுக்கும். உங்கள் அறைக்கான கணக்கு 2,400 வாட் என்று வந்தால், வெளி வெப்பத்தில் திறன் இறங்குவதையும், மாலையில் சூடேறிய அறையை முதலில் குளிரவைக்க வேண்டியதையும் சேர்த்து 15, 20 சதவீதம் கூட்டிக்கொள்வது போதும். அதற்கு மேல் "எதுக்கும் இருக்கட்டும்" என்று கூட்டுவதற்குத் தேவை இல்லை. வீட்டுக்கே வந்து பார்த்துக் கணக்குப் போட்டுத் தரும் நிறுவனங்களும் உண்டு. வருபவர் திசையைக் கேட்கிறாரா, மேலே மாடி உண்டா என்று கேட்கிறாரா, ஜன்னலை அளக்கிறாரா என்று கவனியுங்கள். டேப்பைத் தரையில் மட்டும் ஓட்டினால் அவர் போடுவதும் கடைக் கணக்குத்தான்.

ஏற்கெனவே வாங்கி மாட்டியவர்கள், தம்முடையது பெரிதா சிறிதா என்று தெரிந்துகொள்ள ஒரு சிறிய கருவி போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானியைத் தலைமாட்டில் வையுங்கள். ஏ.சி.யின் காற்று நேராக அதன் மேல் படக் கூடாது. 25-இல் வைத்துத் தூங்கி, நடுவில் விழிக்கும்போது பாருங்கள். ஈரப்பதம் 50, 55-இல் நின்றால் அளவு சரி. 65-க்கு மேலேயே இருந்தால் ஏ.சி. பெரிது, அல்லது எங்கோ வெளிக்காற்று புகுகிறது. முதலில் இடுக்குகளை அடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பழைய வகை ஏ.சி.யில் அவுட்டோர் யூனிட்டின் சத்தத்தைக் கவனித்தாலே தெரியும்: ஒவ்வொரு முறையும் பத்து நிமிடத்துக்குள் நின்றுவிட்டால் பெரிது. மாறாக, ஃபில்டரைக் கழுவிய பின்னும் மாலையில் போட்டு ஒன்றரை மணி நேரமாகியும் வைத்த டிகிரிக்கு வரவில்லை என்றால், கேஸுக்குச் செலவு செய்வதற்கு முன் மொட்டை மாடித் தளத்தைத் தொட்டுப் பாருங்கள்.

பெரிது என்று தெரிந்துவிட்டால் உடனே விற்க வேண்டியதில்லை. ரிமோட்டில் உள்ள டிரை மோடை இரவில் பயன்படுத்துங்கள். விசிறி வேகத்தை 'லோ'வில் வையுங்கள். மெதுவாகச் செல்லும் காற்றில் காயில் நன்றாகக் குளிர்ந்து நீரைப் பிடிக்கும். திறனை 40, 60, 80 சதவீதம் என்று கட்டுப்படுத்தும் கன்வர்ட்டிபிள் வசதி இருந்தால் இரவில் கீழே இறக்குங்கள். அடிமட்டம் அதனால் மாறாது என்றாலும், தொடக்கத்தில் பாய்ந்து குளிர்வித்து நிற்பது குறையும். 25, 26-இல் வைத்து மின்விசிறியையும் மெல்லச் சுழலவிடுங்கள். வீட்டில் இன்னோர் அறை மேற்கு வெயில் வாங்குவதாகவோ ஹாலாகவோ இருந்தால், அடுத்த சர்வீஸின்போது இந்தப் பெரிய ஏ.சி.யை அங்கே மாற்றிவிட்டு, படுக்கையறைக்குக் கணக்குப் பார்த்துச் சிறியதாக ஒன்று வாங்கலாம். கழற்றி மாட்டும்போது கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இறக்கிவைத்தே கழற்ற வேண்டும். மறுபடி மாட்டியதும் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்ப் வைத்து இழுத்த பிறகே வால்வைத் திறக்க வேண்டும். பம்ப் கொண்டுவராமல் கேஸையே கொஞ்சம் வெளியே விட்டுக் குழாயைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று ஒருவர் தொடங்கினால், வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.